மூச்சுத் தசைக்கும் வார்ம்-அப் வேண்டுமா?

கேள்வி: 2,000 மீட்டர் துடுப்புப் படகுப் போட்டியில், நன்றாக வார்ம்-அப் செய்தும் தொடக்கத்திலேயே மூச்சு வாங்குகிறது. காற்றை இழுக்கும்போது எதிர்ப்புத் தரும் மூச்சுப் பயிற்சிக் கருவி உதவுமா?

பதில்: உதவலாம். வழக்கமான வார்ம்-அப் கைகால்களைத் தயார் செய்யும் அளவுக்கு உதரவிதானத்தையும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள முக்கிய மூச்சுத் தசை) விலா இடைத் தசைகளையும் தயார் செய்வதில்லை.

முதலில் உங்கள் அதிகபட்ச உள்ளிழுப்பு அழுத்தத்தை (முழு பலத்துடன் காற்றை இழுக்கும்போது உருவாகும் அழுத்தம்) அளந்து, அதில் 40 சதவீதத்தைக் கருவியில் சுமையாக வையுங்கள். 120 செ.மீ. நீரழுத்தம் என்றால் 48. மூக்கில் கிளிப் மாட்டி, காற்றை நன்றாக வெளியேற்றியபின் வேகமாக, முழுமையாக இழுத்து, நிதானமாக விடுங்கள். 30 முறை, ஓரிரு நிமிட ஓய்வு, மறுபடி 30. போட்டிக்குச் சுமார் 5 நிமிடம் முன்பே முடித்துவிடுங்கள்.

பலர் தவறுவது சுமையில்தான். கூடுதலாக வைத்தால் தசை களைக்கும். களைத்த மூச்சுத் தசை, கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருங்கவைக்கும். படகு வீரருக்கு அது பெரிய இழப்பு. இருபதாவது மூச்சிலேயே நெஞ்சு நிரம்பாவிட்டால் சுமையைக் குறையுங்கள். தலை சுற்றினால் அவசரமாக மூச்சு விடுகிறீர்கள் என்று பொருள், இடைவெளி கொடுங்கள்.

எல்லா ஆய்வுகளும் பலனைக் காட்டவில்லை. அதனால் பயிற்சி நாட்களில் சோதித்த பிறகே போட்டியில் பயன்படுத்துங்கள். மூச்சில் விசில் போன்ற இழுப்புச் சத்தமும் சேர்ந்து வந்தால், கருவிக்கு முன் மருத்துவரிடம் ஆஸ்துமா பரிசோதனை அவசியம்.