வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் முன்

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மகனோடு வந்திருந்த அம்மாவுக்கு நேரில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். இதே கவலையில் வேறு பல வீடுகளும் இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா, "இன்னும் 10 வருஷத்தில் ஏஐ தெரியாதவனுக்கு வேலையே இருக்காது" என்று அடித்துச் சொல்லிவிட்டார். தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டெக். செயற்கை நுண்ணறிவு. 4 வருடத்துக்குக் கட்டணமும் விடுதியும் சேர்த்து 12 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் கடன் கிடைக்கும். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றீர்கள்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சுலபம். ஆனால் அந்த சீட் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஜெஃப்ரி ஹின்டன் என்று ஒருவர். இன்றைய ஏஐக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர், 2024-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்லும் ரேடியாலஜி டாக்டர்களுக்கு இனிமேல் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம், 5 வருடத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016-இல் சொன்னார். 5 வருடமும் தாண்டிப் போய்விட்டது. ரேடியாலஜிஸ்ட் இல்லாமல் இன்றும் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் நடப்பதில்லை. அதே ஹின்டன் 2025-இல் ஒரு பேட்டியில், பிளம்பர் வேலை கற்றுக்கொள்வது நல்லது என்றார். அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கியவருக்கே வருடக் கணக்கு தப்பும்போது, சித்தப்பா சொன்ன 10 வருடத்தை நம்பி வீட்டை எழுதிக்கொடுக்கலாமா?

ஏஐ படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் ஊறின பிள்ளை, கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்தால் தாராளமாகப் படிக்கட்டும். அந்தப் படிப்பின் உள்ளே இருப்பது அணிகளும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும்தான். உங்கள் மகனிடம் அந்த இரண்டு பாடங்களைப் பற்றிக் கேட்டேன். தரையைப் பார்த்தான்.

நீங்கள் டீ குடிக்க வெளியே போயிருந்தபோது அவன் வேறொன்று சொன்னான். தெருமுனைக் கடை ஃப்ரிட்ஜ் குளிராகவில்லையாம். கம்ப்ரஸர் 'உம்ம்' என்று முனகும், சில விநாடியில் 'டக்' என்று நின்றுவிடும். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஸரைக் கிளப்பிவிட அதன் பக்கத்தில் செருகியிருக்கும் சின்ன சுவிட்சான ரிலேயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டியிருக்கிறான். உள்ளே கலகலவென்று சத்தம். உடைந்த ரிலே. புதிதாக ஒன்று வாங்கிச் செருகியதும் ஓடிவிட்டது. இதைச் சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பி.காம்., பாராமெடிக்கல், போட்டித் தேர்வு பற்றியெல்லாம் உங்கள் வீட்டிலேயே பேசி முடித்திருப்பீர்கள். யாரும் பேசாத ஒன்றை நான் சொல்கிறேன். அரசு ஐடிஐயில் ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் டெக்னீஷியன். 2 வருடம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

"ஏசி மெக்கானிக்கா?" என்று சித்தப்பா கேட்பார். அவர் எதிர்காலத்தைப் பற்றித்தானே பேசினார், நானும் அதைப் பற்றியே பேசுகிறேன். 2037-38-க்குள் நாட்டின் குளிரூட்டல் தேவை 2017-18-இல் இருந்ததைப்போல 8 மடங்காகும் என்று மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டுத் திட்ட ஆவணமே கணித்திருக்கிறது. இது கணிப்புதான், தப்பலாம். ஆனால் தேதி போட்டுக் கையெழுத்தான விஷயம் ஒன்றும் இருக்கிறது. பூமியைச் சூடாக்கும் குளிரூட்டி வாயுக்களைக் குறைப்பதற்கான கிகாலி உடன்பாடு என்ற சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி, இப்போது ஏசியில் ஓடும் ஹெச்எஃப்சி வாயுக்களின் பயன்பாட்டை 2032-இலிருந்து குறைக்கத் தொடங்கி, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஏசியில் ஏற்றும் வாயுவில் பழைய ஆர்-22 போய் ஆர்-410ஏ வந்தது, அதற்குப் பின் ஆர்-32. அடுத்து ஆர்-290. அது புரொப்பேன், சமையல் கேஸ் குடும்பம், தீப்பிடிக்கும். அதைக் கையாள ஓரளவு தெரிந்தால் போதாது, முறையாகப் படித்த ஆள் வேண்டும்.

நல்ல மெக்கானிக்குக்கும் அரைகுறைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். செம்புக் குழாயைச் சூடாக்கி உலோகம் உருக்கி ஒட்டும்போது (பிரேசிங்) உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும். விடாவிட்டால் உட்புறம் கரிபோல் படிந்து, பின்னால் அடைத்துக்கொள்ளும். கேஸ் ஏற்றும் முன் வேக்கம் பம்ப் போட்டு, குழாயில் காற்றும் ஈரமும் இல்லாமல் இழுக்க வேண்டும். வெற்றிடத்தை அளக்கும் மீட்டர் 500 மைக்ரான் வரை இறங்க வேண்டும் என்பார்கள். அவசரக்காரர்கள் கொஞ்சம் கேஸைத் திறந்து காற்றை ஊதித் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். தங்கிவிட்ட ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸர் சுருளை அரிக்கும். இன்வெர்ட்டர் ஏசி என்றால் சர்க்யூட் போர்டையும் படிக்கத் தெரிய வேண்டும். ரிலேயைக் காதில் வைத்துப் பார்த்த பையனுக்கு இதெல்லாம் பாடம் படிப்பதுபோலவே தோன்றாது.

வீட்டு ஏசியோடு இது முடிவதுமில்லை. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய தடுப்பூசிகள், பால் குளிரூட்டும் நிலையங்கள், மீன்பிடித் துறைமுக ஐஸ் பிளான்ட்டுகள், எம்ஆர்ஐ இயந்திரத்தைக் குளிர்விக்கும் சில்லர், ரயில் பெட்டிகள் எல்லாம் இந்தத் தொழிலுக்குள் வரும். சித்தப்பா சொல்லும் அந்த ஏஐ ஓடும் சர்வர்களும் சூடாகும். அப்படிப்பட்ட சர்வர்களை வைத்திருக்கும் சென்னை சிறுசேரி டேட்டா சென்டர்களில் குளிரூட்டல் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது.

இப்போது பணம். 12 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றாலே மாதம் 10,000 ரூபாய், அசல் தனி. உங்கள் வீட்டுக்கு வரும் மில் சம்பளத்தில் அது நடக்காது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். பட்டம் இல்லையே என்றால், ஐடிஐ முடித்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வுக்கும் இந்த டிரேடு செல்லும்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் சின்னதுதான். ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியில் வேலை. நான்காவது மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கும் யூனிட்டில் கை வைக்கச் சொல்வார்கள். பாதுகாப்பு பெல்ட் தராத முதலாளியிடம் ஒரு நாள்கூட அவனை அனுப்பாதீர்கள். ஐடிஐ முடித்ததும் ஒரு வருடம் பெரிய நிறுவனத்தில் அப்ரன்டிஸ் பயிற்சி எடுக்கட்டும். அந்தச் சான்றிதழ் பின்னால் நிறைய உதவும்.

இந்த வாரமே அவனை அழைத்துக்கொண்டு பக்கத்து அரசு ஐடிஐக்குப் போங்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். நைட்ரஜன் சிலிண்டர், வேக்கம் பம்ப், ஓடுகிற இன்வெர்ட்டர் ஏசி இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய விண்டோ ஏசி ஒன்று மட்டும் தூசி படிந்து நின்றால் அடுத்த ஐடிஐயைப் பாருங்கள். நடுவில் "சீட் போய்விடும், முன்பணம் கட்டுங்கள்" என்று கல்லூரியிலிருந்து போன் வரும். போனை உங்கள் மகனிடம் கொடுங்கள், அவனே பதில் சொல்லட்டும்.