வாசகர் கேள்வி: நவீனக் கலையைப் பாதுகாக்கும் வேலை

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கிறேன். அருங்காட்சியகங்களில் நவீன ஓவியங்களையும் சிற்பங்களையும் பாதுகாக்கும் வேலைக்குப் போக ஆசை. எங்கே படிக்கலாம்?
– மாணவி, திருச்சி

பதில்: அடித்தளம் சரியாகவே அமைந்திருக்கிறது. கரிம வேதியியலில் மட்டும் கோட்டை விடாதீர்கள். நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனம் பாதுகாப்பியலில் முதுகலை நடத்துகிறது. நவீனப் பொருள்களில் தனித் தேர்ச்சிக்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம், சுவிட்சர்லாந்தின் பெர்ன் கலைப் பல்கலைக்கழகம். வீடியோ, டிஜிட்டல் படைப்புகளுக்கு நியூயார்க் பல்கலைக்கழகம். இங்கெல்லாம் மதிப்பெண்ணோடு கைத்திறனையும் பார்ப்பார்கள். அதனால் முதலில் ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930களிலிருந்தே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு உண்டு. அங்கே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அக்ரிலிக் ஓவியத்தில் படிந்த தூசியை ஈரப் பஞ்சால் துடைக்கலாமா?
– ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் படலம் நம் ஊர் வெயிலில் இளகியே இருக்கும். தூசி அதில் அமிழ்ந்துவிடும். வண்ணத்தில் கலந்துள்ள சோப்பு போன்ற பொருள் நாளடைவில் மேற்பரப்புக்கு வந்து மெல்லிய படலமாகப் படியும். தண்ணீர் பட்டால் அது கரையும், வண்ணம் வீங்கும், நிறம் பஞ்சில் ஏறும், பளபளப்பு மாறும். சுத்தமான காய்ச்சி வடித்த நீர்தான் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், அளவாக உப்புச் சேர்த்த நீரைவிட அதுதான் வண்ணத்தை அதிகம் வீங்க வைக்கும்.

முதலில் மென்மயிர்த் தூரிகை, அடுத்து ஒப்பனைக்குப் பயன்படும் உலர்ந்த ஸ்பாஞ்சு. பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 5 முதல் 6 வரை வைத்து, உப்பளவும் சரிசெய்த நீரில் பஞ்சுக் குச்சியை நனைத்து, ஓரத்தில் மிகச் சிறிய இடத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சோதனை. சிவப்பு தாங்கியதை நீலமும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குமிழித் தாளை (பபிள் ராப்) ஓவியத்தின்மேல் நேரடியாகச் சுற்றாதீர்கள். குமிழ்களின் தடம் அப்படியே பதிந்துவிடும்.

கேள்வி: எங்கள் கூடத்தில் உள்ள பிளாஸ்டிக் சிற்பத்தில் வினிகர் வாடை வருகிறது. ஏன்?
– கோவை வாசகர்

பதில்: பெரும்பாலும் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்காக இருக்கும். சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் சிற்பி நௌம் காபோவின் சிற்பங்களுக்கு நேர்ந்ததும் இதே கதிதான். உடனே மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து, குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிசுபிசுக்கும் பிவிசிக்கு மட்டும் இதற்கு நேர்மாறு: அதை இளக்கும் எண்ணெய் வெளியேறாதபடி கண்ணாடிப் பேழையில் மூடி வைக்க வேண்டும். காகிதத்தில் சுற்றினால் காகிதம் அந்த எண்ணெயை உறிஞ்சிவிடும்.