எடை குறைந்து பிறந்தால் சர்க்கரை நோய் வருமா?

கேள்வி: நான் பிறந்தபோது 1.9 கிலோதான். இப்போது வயது 32. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. என் மகளும் 2.2 கிலோவில் பிறந்தாள். மூன்று வயதாகியும் ஒல்லியாக இருக்கிறாள் என்று மாமியார் நேந்திரங்காய் சிப்ஸும் சர்க்கரை உப்பேரியும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். எடை குறைந்து பிறந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் என்கிறார்களே, நிஜமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: வாய்ப்பு கூடுதல் என்பது நிஜம். வந்தே தீரும் என்பது நிஜமல்ல.

1991இல் இங்கிலாந்தின் மருத்துவ ஆய்வாளர்கள் ஹேல்ஸும் பார்க்கரும் அறுபது வயதைக் கடந்த ஆண்களின் பிறப்பு எடையைப் பழைய பதிவேடுகளில் தேடியெடுத்தார்கள். குறைந்த எடையில் பிறந்தவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் இருந்தது. வயிற்றில் போதிய ஊட்டம் கிடைக்காத சிசு, மூளையைக் காப்பாற்றுவதற்காகத் தசையிலும், இன்சுலின் சுரக்கும் கணையத்திலும் சிக்கனம் பிடிக்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். பின்னாளில் சாப்பாடு தாராளமாகும்போது அந்தக் கணையம் திணறுகிறது. நம் குழந்தைகளிடம் இன்னொரு வினோதமும் உண்டு. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பார்த்தபோது, எடை குறைந்த சிசுக்களிலும் தசைதான் குறைவு, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை.

உங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டியது டெல்லி ஆய்வு. 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். பின்னாளில் சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள், இரண்டு வயதுவரை ஒல்லியாக இருந்து அதன்பின் மளமளவென்று சதை போட்டவர்கள். அவர்களில் ஒருவர்கூட 12 வயதில் குண்டாக இல்லை! ஆகவே ‘குண்டாகவா இருக்கிறாள், சாப்பிடட்டும்’ என்ற சமாதானம் செல்லாது. பாட்டியின் பாசத்தைக் குறை சொல்லவில்லை. அதை முட்டை, மீன், பயறு, கீரை பக்கம் திருப்பிவிடுங்கள். எடையோடு உயரத்தையும் அங்கன்வாடியில் குறித்து வாருங்கள். உயரம் ஒழுங்காகக் கூடினால் ஒல்லி என்பதற்காகப் பதற வேண்டாம்.

உங்கள் விஷயத்தில்தான் எனக்கு அவசரம். அப்பாவுக்கும் சர்க்கரை என்பதால் இந்த மாதமே வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் நல்லது, 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி சோதித்து உறுதிசெய்ய வேண்டும். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிருந்தால், கர்ப்பம் உறுதியானதுமே குளுக்கோஸ் சோதனை செய்துவிடுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை. அதைக் கவனிக்காமல் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறக்கலாம். அந்தக் குழந்தைக்கும் பின்னாளில் இதே ஆபத்து உண்டு.