மோட்டரின் குதிரைவலுவைக் கேட்காதீர்கள்: ஊர் வீட்டுக் குழாய் கேள்வி பதில்

நான் கொழும்பில் குழாய் வேலை பார்ப்பவன். ஆனால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஊர் வீட்டைப் பற்றியவை. ஆள் வெள்ளவத்தையில் இருப்பார், வீடு சாவகச்சேரியில் பூட்டிக் கிடக்கும். தண்ணீர் வரும் வழி, போகும் வழி இரண்டையும் கேளுங்கள். கூரை, கறையான், வாஸ்து என்னிடம் வேண்டாம்.

கேள்வி: அண்ணை, ஊர் வீட்டில் சுவருக்குள் பைப் வெடித்து விறாந்தை முழுக்கத் தண்ணீர் என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் எடுக்கிறார். நான் கொழும்பில் நிற்கிறேன். என்ன சொல்ல?

முதலில் மோட்டரை நிறுத்தி, தாங்கிக்குக் கீழே உள்ள வால்வை மூடச் சொல்லுங்கள். பழைய கேட் வால்வு என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும், மூடாது. பலங்கொண்டு முறுக்கினால் தண்டு முறியும். அப்படியானால் வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்கள். தாங்கித் தண்ணீர் அதால் போகும், சுவருக்குள் அழுத்தம் குறையும். நனைந்த சுவரில் பிளக் இருந்தால் மெயின் சுவிட்சையும் நிறுத்த வேண்டும், ஈரக் கையோடு அல்ல.

பைப் வெளியே தெரியும் இடமென்றால் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டலாம். நீங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்வரை தாங்கும். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஜீஐ பைப் (நாகம் பூசிய இரும்புப் பைப்) ஓரிடத்தில் வெடித்தால் மற்ற இடங்களும் உள்ளே உக்கித்தான் இருக்கும். சுவரை உடைத்து அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றச் சொல்லும் மேசன் பாஸை நம்பாதீர்கள். பழைய லைனை அப்படியே கைவிட்டு, புதிய பிவிசி பைப்பை வெளிச்சுவரில் ஓட்டுங்கள். வெயில் படும் பக்கமென்றால் பெயின்ட் பூசுங்கள், இல்லாவிட்டால் பைப் காய்ந்து நொறுங்கும். அழகு குறையும்தான். அடுத்த கசிவு கண்ணுக்குத் தெரியுமே.

இதை வாசிக்கும் எல்லோரும் இன்றைக்கே போய் உங்கள் வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: காலையில் முதலில் வரும் தண்ணீர் மண்ணிறமாக இருக்கிறது. பிறகு தெளிகிறது.

இரவு முழுக்கத் தண்ணீர் ஜீஐ பைப்புக்குள் நின்று துருவை எடுத்து வருகிறது. தெளியும்வரை பூமரத்துக்கு விடுங்கள். மேலே சொன்ன வெடிப்பு உங்கள் வீட்டுக்கும் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோப்பாயில் வீடு. ஆவணி வந்தால் மோட்டர் சுற்றுகிறது, தண்ணீர் வருவதில்லை. இருப்பது ஒரு குதிரைவலு. இரண்டாக வாங்கலாமா?

வேண்டாம். காசை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே இருக்கும் மோட்டர் தண்ணீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. பைப்புக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் அழுத்தும் வெளிக்காற்றுத்தான் தண்ணீரைப் பைப்புக்குள் ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றால் ஏற்றக்கூடிய உயரம் கணக்குப்படி 10.3 மீட்டர், ஏறத்தாழ 34 அடி. மூட்டுக் கசிவு, வளைவு எல்லாம் போக நடைமுறையில் 25 அடி. குதிரைவலுவைக் கூட்டினால் மோட்டருக்கு மேலே தள்ளும் பலம் கூடும். கீழிருந்து வரும் உயரம் கூடாது.

கயிற்றில் கல்லைக் கட்டி, மோட்டர் இருக்கும் மட்டத்திலிருந்து தண்ணீர் மட்டம்வரை அளந்து பாருங்கள். கிணற்றின் ஆழம் எனக்குத் தேவையில்லை. 25 அடிக்குள் இருந்தும் வரவில்லை என்றால் புட்வால்வில் சந்தேகம், அதாவது பைப்பின் அடி முனையில் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாமல் பிடிக்கும் வால்வில். மோட்டரின் மேல் மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பி விட்டுக் கொஞ்சம் பொறுங்கள். மட்டம் இறங்கினால் புட்வால்வு அல்லது மூட்டு கசிகிறது. 25 அடிக்கு மேலென்றால் தண்ணீருக்குள் இறக்கும் மோட்டர் போடுங்கள், மின் கசிந்தால் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

கேள்வி: ஐயா சொல்வது பிழை. எங்கள் வவுனியா வீட்டில் 60 அடியிலிருந்து மேலே வைத்த மோட்டர்தான் இழுக்கிறது. கண்ணால் பார்க்கிறோம்.

உங்கள் மோட்டரிலிருந்து கிணற்றுக்குள் எத்தனை பைப் போகிறது? இரண்டு என்றால் அது ஜெட் மோட்டர். ஒரு பைப் தண்ணீரைக் கீழே அனுப்பி, அங்குள்ள ஜெட் மற்றதால் மேலே தள்ளிவிடுகிறது. அது வேறு கதை.

கேள்வி: ஒரு பைப்தான். கிணறு 60 அடி.

கிணறு 60 அடி. தண்ணீர் எத்தனை அடியில்?

கேள்வி: நீங்களும் வவுனியாக்காரரும் சண்டை பிடியுங்கள். பண்டாரவளையில் எங்களுக்கும் 25 அடிதானா?

குறைவு. உயரம் போகப் போகக் காற்று அழுத்தம் குறையும். நுவரெலியா உயரத்தில் ஆறேழு அடியைக் கழித்துவிடுங்கள், உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கழியுங்கள்.

கேள்வி: வவுனியாதான். அளந்தேன், 21 அடி. ஆனாலும் பெரிய மோட்டர் நல்லதுதானே?

21 அடி என்றால் வழக்கு முடிந்தது.

கேள்வி: நாங்கள் மண்ணெண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் தட்டுக் கட்டி இறக்கிவிட்டோம். இப்போது 15 அடிதான், நன்றாக இழுக்கிறது.

உடனே நிறுத்துங்கள். இஞ்சின் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இஞ்சினை நிறுத்திய பிறகும் அது கிணற்றுக்குள் தங்கி நிற்கும். இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். ஒருவரும் உள்ளே இறங்காமல் கயிற்றால் இஞ்சினை மேலே எடுங்கள். இறக்குவதென்றால் தண்ணீருக்குள் இறக்கும் மின்மோட்டரை இறக்குங்கள்.

கேள்வி: கொமட் அடைத்து நிற்கிறது. அசிட் ஊற்றலாமா? மலக்குழியைத் திறந்து ஆளை இறக்கலாமா?

இரண்டும் கூடாது. ஒரு கொமட்தான் அடைப்பென்றால் ரப்பர் பம்ப் போதும். எல்லாமே மெதுவாகப் போனால் குழி நிரம்பிவிட்டது, குழியை உறிஞ்சி எடுக்கும் பவுசரைக் கூப்பிடுங்கள். மலக்குழி வாயுவும் கிணற்றுப் புகையைப் போலத்தான் ஆளைக் கொல்லும்.

கேள்வி: ஹட்டனில் ஊற்றுத் தண்ணீரைப் பைப்பில் எடுக்கிறோம். மோட்டர் இல்லை. ஊற்று மேலேதான், ஆனாலும் சில நாள் ஒரு சொட்டும் வராது.

நல்ல கேள்வி, மோட்டர் இல்லாத கேள்வி. பைப் மேட்டில் ஏறி இறங்கும் இடங்களில் காற்று போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுச் சிறிய குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். ஊற்றுப் பக்கமிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் பீறியதும் மூடிவாருங்கள். ஊற்று வாயில் வலை கட்டுங்கள், பைப்பின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கட்டும். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு பார் அழுத்தம் ஏறும். அதனால் 60 மீட்டர் கீழே வீடென்றால் நடுவில் ஒரு தொட்டி கட்டி அழுத்தத்தை உடையுங்கள்.

கேள்வி: மட்டக்குளியில் வீதி லைன் உடைந்து ஓடுகிறது.

1939க்கு அழையுங்கள், நீர் வழங்கல் சபை வரும். வீதி லைனில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: ஒன்றரைக் குதிரைவலு மோட்டர் 40 அடி இழுக்குமா?

மேலே வாசியுங்கள்.

கேள்வி: ஜப்பான் மோட்டரென்றால்?

ஜப்பானிலும் அதே காற்றுத்தான்.

கேள்வி: பொங்கலுக்கு ஊர் போகிறேன். பழைய சோனகத் தெருவில் என்ன வாங்கிப் போகலாம்?

அரை அங்குல, முக்கால் அங்குல சொக்கட்டும் எண்ட் கேப்பும் சில, திரெட் டேப், வாள் அலகு, ஒரு புட்வால்வு, போல் வால்வு இரண்டு. ஊர் பைப் எந்த அளவு என்று போனில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பைப் கம் சின்ன டின் போதும், திறந்தால் சீக்கிரம் இறுகிவிடும். ஒட்டுமுன் இரண்டு முனையையும் துடைத்துக் காயவிடுங்கள், ஒட்டிய உடனே தண்ணீர் திறக்காதீர்கள். பஸ்ஸில் டின்னை உடுப்புப் பைக்குள் வைக்க வேண்டாம்.