அடிபட்ட பிறகு சிறுநீர் மெல்லிசாக வருகிறது, மாத்திரையில் சரியாகுமா?

பைக்கிலிருந்து விழுந்து கவட்டில் அடிபட்டு ஒரு வருடம் ஆகிறது, இப்போது முக்கினால்தான் சிறுநீர் வருகிறது, மாத்திரை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடைப்பு தழும்பால் வந்ததென்றால் போதாது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

மொட்டை மாடித் தொட்டியைக் கழுவிவிட்டு இறங்கும்போது ஏணி வழுக்கி, கைப்பிடிச் சுவர்மேல் குதிரை ஏறினாற்போல விழுந்தேன். உள்ளாடையில் நாலைந்து சொட்டு ரத்தம். இரண்டு நாளில் வலி போய்விட்டது. அடிபட்ட இடம் அப்படி, யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் தாரை மெலிந்தது. அப்புறம் இரண்டாகப் பிரிந்து தெறித்தது. ஆபீஸ் கழிப்பறையில் எனக்குப் பின்னால் வந்தவர் கைகழுவிவிட்டுப் போய்விடுவார், நான் நின்றுகொண்டே இருப்பேன். வீட்டில் சூடு என்றார்கள். இளநீர், வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய் எல்லாம் ஆயிற்று. ஏணியை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

விதைப்பைக்குப் பின்னால், இடுப்பெலும்புக்குக் கீழே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. அங்கே அடி விழுந்தால் குழாய் எலும்பின்மேல் அழுந்தி நசுங்கும். ஆறும்போது உள்ளே தழும்பு கட்டி இறுகும். இதற்கு மாதங்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். முழங்கால் தழும்பை எந்த மாத்திரை கரைத்திருக்கிறது?

ஆஸ்பத்திரியில், சிறுநீர் வரும் வேகத்தைப் பார்க்க, புனல் வைத்த மெஷினில் போகச் சொன்னார்கள். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வர வேண்டியது, எனக்கு 6. மெஷின் வரைகிற, குன்று மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு, நான் விழுந்த கைப்பிடிச் சுவர் மாதிரியே தட்டையாகக் கிடந்தது.

முதலில் போன ஆஸ்பத்திரியில், அடைப்பு எவ்வளவு நீளம் என்றுகூடப் பார்க்காமல் கம்பி விட்டு விரித்தார்கள். நாலு மாதம் தாங்கியது. பிறகு கேமரா விட்டு உள்ளே கீறினார்கள். ஒரு வருடம்கூட ஓடவில்லை. மறுபடியும் கீறலாம் என்றபோதுதான் வேறு டாக்டரிடம் ஓடினேன். சின்ன அடைப்புக்கு ஒரு தடவை கீறிப் பார்ப்பதில் தப்பில்லை. அதையே திரும்பத் திரும்பச் செய்தால் தழும்புமேல் தழும்புதான்.

அவர் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றரை சென்டிமீட்டர். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பது, பெயர் யூரித்ரோபிளாஸ்டி. இவ்வளவு குட்டையான அடைப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் நிலைக்கும் என்றார். நீளமாக இருந்தால் கன்னத்தின் உள்தோலை எடுத்து ஒட்டுவார்களாம். அதற்காக வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து, பாக்கு, புகையிலை போடுவீர்களா என்று கேட்டார். மென்று மென்று இறுகிய கன்னம் உதவாது.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் சிறுநீர் ட்யூபோடு இருந்தேன். மூத்திரப் பையைக் கட்டைப்பைக்குள் வைத்து, லுங்கியோடு தெருவில் நடப்பேன். "மார்க்கெட்டுக்கா தம்பி?" என்பார் எதிர்வீட்டுப் பெரியவர். ஆமாம் என்பேன். ட்யூபை எடுத்த அன்று கழிப்பறையில் கேட்ட சத்தம், வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

நீங்கள் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டரைப் பார்க்கும்போது, விழுந்ததை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அடைப்பு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். இடுப்பெலும்பும் முறிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அப்போது சிறுநீர்க்குழாய்க்குச் செய்கிற ஆபரேஷன் வேறு. நடுவில் ஒரு நாள் சிறுநீர் சுத்தமாக நின்று அடிவயிறு கல்லாகிவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். ட்யூப் போட வருபவரிடம், பழைய அடி இருக்கிறது, அழுத்தித் தள்ளாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் அடிவயிறு வழியாகவே ட்யூப் போடுவார்கள்.