அந்த மெடலைத் தேய்க்காதீங்க!

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க வீட்ல மூணு தலைமுறையா பட்டாளம். கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போர், தாத்தா ரெண்டாம் உலகப்போர், அப்பா 24 வருஷம் சர்வீஸ் பண்ணி ரிட்டயர் ஆனவர். அப்பாவோட 80வது பிறந்தநாளுக்கு எல்லா மெடலையும் பளபளன்னு பாலிஷ் பண்ணி ஒரே பெரிய ஃப்ரேம்ல போட்டுடலாம்னு அண்ணன் சொல்றான், எனக்கு ஏனோ உறுத்துது. இதுல கொள்ளுத்தாத்தாவுக்கு இருக்கிறது ஒரே ஒரு மெடல், அதுவும் வெண்கலம். அதே மெடல் இன்னொருத்தர் வீட்ல வெள்ளியில இருக்கறதைப் பாத்துட்டு வந்து, நம்மளது டூப்ளிகேட்டுன்னு மாமா சொல்றார். என்ன செய்ய?

பதில்: உறுத்தினது சரியாத்தான் உறுத்தியிருக்கும்மா. மொதல்ல அந்த பாலிஷ் டப்பாவை அண்ணன் கைக்கு எட்டாத இடத்துல ஒளிச்சு வைங்க. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க தாத்தா மெடலை ஆசை ஆசையா பாலிஷ் போட்டுத் தேய்ச்சேன், தங்கம் மாதிரி மின்னுச்சு, வீடு பூரா காட்டிட்டு வந்தேன், அப்பா மட்டும் அதை விளிம்பைத் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டார். அங்க இருந்த எழுத்து பாதிக்கு மேல மழுங்கிப் போயிருந்துச்சு. எனக்கு அது புரியவே பல வருஷம் ஆச்சு.

ஏன்னா விஷயமே அந்த விளிம்புலதான் இருக்கு. முதல் உலகப்போருக்கு பிரிட்டிஷ் அரசு குடுத்த மெடல்கள்ல வாங்கினவரோட நம்பர், ரேங்க், பேர், யூனிட் எல்லாம் ஓரத்துல பொடி எழுத்துல பொறிச்சிருக்கும். ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டன் தன் சொந்த ஆளுங்களுக்கு பொதுவா பேர் பொறிக்காமத்தான் குடுத்துச்சு, ஆனா இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா வீரர்களுக்குப் போனதுல பேர் உண்டு. அதனால உங்க வீட்டு மெடல்கள்ல பேர் இருக்க வாய்ப்பு அதிகம். இருட்டு ரூம்ல டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு லென்ஸ் வெச்சுப் பாருங்க, அப்படியே போன்ல போட்டோவும் எடுத்துக்கோங்க.

இப்ப அந்த வெண்கலம். ஒரு பக்கம் அஞ்சாம் ஜார்ஜ் தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒரு ஆள், 1914 1918னு வருஷம், இப்படி இருந்தா அது பிரிட்டிஷ் வார் மெடல். பெரும்பாலானவங்களுக்கு அதை வெள்ளியிலதான் குடுத்தாங்க. வெண்கலத்துல அடிச்சது சீனா, மால்ட்டா, இந்தியான்னு பல ஊர்கள்ல இருந்து தொழிலாளர் படைக்குப் போனவங்களுக்கு. சண்டை போட்டவனுக்கு வெள்ளி, மண்ணு வெட்டி மூட்டை தூக்கினவனுக்கு வெண்கலம்! ஆக மாமா சொல்ற மாதிரி அது டூப்ளிகேட் இல்ல, உங்க கொள்ளுத்தாத்தா அங்க என்ன வேலை பாத்தாருங்கறதுக்கு உங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சியே அதுவா இருக்கலாம். அவர் துப்பாக்கியே தூக்காம இருந்திருக்கலாம், ரோடு போட்டிருக்கலாம், கப்பல்ல சரக்கு இறக்கியிருக்கலாம். அதைச் சொல்றதுல வெக்கப்பட என்ன இருக்கு, ரோடு இல்லாம எந்தப் பீரங்கி நகந்துச்சு?

ஃப்ரேம் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா மூணு பேர் மெடலையும் ஒண்ணாக் கலந்து அழகுக்காக அடுக்காதீங்க, ஆளுக்கு ஒரு வரிசை, கீழ அவங்கவங்க பேர், எந்த வருஷம் எங்க என்ன செஞ்சாங்கன்னு நாலு வரி. தெரியாத இடத்துல 'தெரியல'ன்னே எழுதுங்க, 'வீரப்போர் புரிந்தார்'னு எழுதி ரொப்பாதீங்க (இது எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம், மன்னிச்சுக்கோங்க). பசை வெச்சு ஒட்டக் கூடாது. வெயில் படற சுவத்துல மாட்டினா ரிப்பன் கலர் வெளுத்துரும். பழைய ரிப்பன் கிழிஞ்சிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. போட்டோவுக்கு காப்பி எடுத்து அதை ஃப்ரேம்ல வைங்க, ஒரிஜினல் பெட்டிக்குள்ள இருக்கட்டும். அந்தப் பெட்டியில ரப்பர் பேண்டு வேண்டாம், அதுல இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கறுக்க வெச்சுரும், நியூஸ் பேப்பர்ல சுத்தவும் வேண்டாம், அதுல அமிலம் இருக்கு.

கேள்வி: தாத்தாவோட அப்பா முதல் உலகப்போருக்குப் போனவர் திரும்பி வரவே இல்லைன்னு மட்டும் வீட்ல சொல்லுவாங்க. ஒரு காகிதம் கூட இல்ல. எங்க தேடறது சார்?

பதில்: சார் இல்லங்க, அக்காதான்! காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்னு ஒண்ணு இருக்கு, 1917ல ஆரம்பிச்சது, ரெண்டு உலகப்போர்லயும் இறந்த சுமார் 17 லட்சம் பேரோட நினைவை அவங்கதான் பாத்துக்கறாங்க, அவங்க பட்டியல்ல இலவசமாவே தேடலாம். பேரை ஒரே ஸ்பெல்லிங்ல தேடிட்டு விட்டுறாதீங்க, வெள்ளைக்கார குமாஸ்தா காதுல விழுந்தபடிதான் எழுதியிருப்பான். அப்பா பேரும் ஊர் பேரும் எப்படியெல்லாம் கோணலா எழுதியிருக்க முடியும்னு யோசிச்சு யோசிச்சு அடிச்சுப் பாக்கணும்.

அதுலயும் கிடைக்கலைன்னா அவர் போகவே இல்லன்னு முடிவு கட்டிறாதீங்க. அதிகாரியா சிப்பாயான்னு பாக்காம எல்லாருக்கும் ஒரே மரியாதைங்கறதுதான் அந்த ஆணையத்தோட கொள்கை, ஆனா அது எல்லாருக்கும் நடக்கலைன்னு 2021ல அவங்களே அறிக்கை விட்டு மன்னிப்பு கேட்டாங்க. முதல் உலகப்போர்ல இறந்த ஆப்பிரிக்க, இந்திய, எகிப்து ஆளுங்கள்ல 45,000 பேர்ல இருந்து 54,000 பேர் வரைக்கும் மத்தவங்களுக்குச் சமமா நினைவுகூரப்படலையாம், அது போக குறைஞ்சது 1,16,000 பேருக்கு எங்கயுமே பேர் பொறிக்கலையாம். உங்க தாத்தாவோட அப்பா அதுல ஒருத்தரா இருக்கலாம்.

ரெஜிமென்ட் பேர் எப்படியாவது தெரிஞ்சா அப்புறம் வழி இருக்கு, ஒவ்வொரு யூனிட்டும் போர்க்களத்துல நாள்வாரியா டைரி எழுதுச்சு, பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல அது இருக்கு. சிப்பாய் பேரெல்லாம் பொதுவா அதுல வராது, ஆனா அந்த யூனிட் எந்தத் தேதியில எங்க நின்னுச்சுன்னு தெரியும். காகிதம் இல்லாம தவிக்கறது நீங்க மட்டும் இல்லங்க, பிரிட்டிஷ் வீரர்களோட முதல் உலகப்போர் சர்வீஸ் ரெக்கார்டுல பெரும்பகுதி 1940 செப்டம்பர்ல குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு, அமெரிக்காவுல 1973 ஜூலைல செயின்ட் லூயிஸ்ல நடந்த தீ விபத்துல 1.6 கோடிக்கு மேல ஃபைல் போச்சு. அந்தக் குடும்பங்களும் இன்னிக்கு வரைக்கும் டிரங்குப் பெட்டியக் கவுத்துத்தான் தேடிட்டு இருக்கு.

கேள்வி: நினைவு நாள் நிகழ்ச்சிக்கு எங்க தாத்தா மெடலை என் பொண்ணு சட்டையில குத்திட்டுப் போகலாமா?

பதில்: பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல போகலாம், ஆனா வலது மார்புல. இடது பக்கம் சம்பாதிச்சவருக்கு மட்டும்தான். மத்த நாடுன்னா நிகழ்ச்சி நடத்தறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பின்னு நல்லா கெட்டியா இருக்கான்னும் பாருங்க, குழந்தைங்க ஓடும்.

கேள்வி: என் மாமனார், அவர் அப்பா, என் வீட்டுக்காரர் எல்லாரும் ராணுவம். பையன் டிசைன் படிக்கப் போறேங்கறான். 'நாலாவது தலைமுறையில அறுத்துட்டானே'ன்னு மாமனார் ஒரு மாசமா அவன்கூடப் பேசறதில்ல. நான் நடுவுல கிடந்து தவிக்கிறேன்.

பதில்: மாமனாரோட வருத்தம் எனக்குப் புரியுது, ஆனா நான் பையன் பக்கம்தான். மூணு பேரும் அவங்கவங்க விரும்பிப் போனதாலதானே அதுக்கு மரியாதை? வரிசை விடக்கூடாதுன்னு ஒருத்தனைத் தள்ளிவிட்டா அது வெறும் வாடகை பாக்கி மாதிரி ஆயிரும்.

தலைமுறை தலைமுறையா போறதுக்கு ஒரு விலை உண்டு, அது பட்டாளத்துக்காரங்களுக்கே நல்லாத் தெரியும். விக்டோரியா கிராஸ்னா பிரிட்டன்ல போர்க்கள வீரத்துக்குக் குடுக்கிற உச்ச விருது, அப்பாவும் மகனும் ரெண்டு பேருமே அதை வாங்கின வீடுங்க இதுவரைக்கும் மூணே மூணு. அதுல ராபர்ட்ஸ் குடும்பத்துல அப்பா 1858ல இந்தியாவுல சண்டை போட்டு வாங்கினார், உயிரோட இருந்து பெரிய தளபதியே ஆனார். மகன் 1899ல தென்னாப்பிரிக்காவுல கொலென்சோ சண்டையில அடிபட்டு ரெண்டு நாள்ல இறந்துட்டான், 27 வயசு. அமெரிக்காவுல சல்லிவன்னு அஞ்சு அண்ணன் தம்பிங்க, ஒரே கப்பல்லதான் போவோம்னு கேட்டுச் சேந்தவங்க, 1942 நவம்பர்ல ஜூனோங்கற கப்பல் மூழ்கினப்ப அஞ்சு பேருமே போயிட்டாங்க. போர்ல பிள்ளையை இழந்த வீட்ல மிஞ்சி நிக்கிற ஒரே மகனைக் கட்டாயமா படையில சேக்கக் கூடாதுன்னு அப்புறம் 1948ல அங்க சட்டமே கொண்டு வந்தாங்க.

ஆனா இதையெல்லாம் போய் மாமனார்கிட்ட ஒப்பிக்காதீங்க, வேலைக்காகாது. பையனை அனுப்புங்க. கையில போன் ரெக்கார்டரோட போகட்டும், 'தாத்தா, உங்க கதையையும் கொள்ளுத்தாத்தா கதையையும் புக்கா டிசைன் பண்ணப் போறேன், நீங்க சொன்னாத்தான் முடியும்'னு கேக்கட்டும். அவன் படிக்கப் போற படிப்பே அதுக்குத்தானே! அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2000த்துல இருந்து முன்னாள் வீரர்கள் பேச்சைச் சேத்து வெச்சுட்டு வருது, அதுல ஒரு பேட்டி குறைஞ்சது 30 நிமிஷமாவது இருக்கணும்னு கேக்கறாங்க. உங்க மாமனார் முதல் நாள் 10 நிமிஷம் பேசினாலே போதும்.

எடுத்த எடுப்புல சண்டையைப் பத்தி கேக்கவே வேண்டாம். மொத நாள் குடுத்த பூட்ஸ் காலுக்குச் சேந்துச்சா, பக்கத்துக் கட்டில்ல யார் படுத்திருந்தா, லெட்டர் வர எத்தனை நாள் ஆகும், லீவு கேன்சல் ஆன அன்னிக்கு என்ன பண்ணினீங்க, இப்படி ஆரம்பிக்கட்டும். ஏதாவது ஒரு இடத்துல மாமனார் சட்டுன்னு அமைதியானா ரெக்கார்டரை ஆஃப் பண்ணிட்டு கூட உக்காந்திருக்கச் சொல்லுங்க, துருவ வேண்டாம். அப்புறம் உங்க மாமியார் இருக்காங்கன்னா அவங்களைத் தனியா உக்கார வெச்சு ஒரு ரெக்கார்டிங், ஏன்னா எந்த வருஷம் எந்த போஸ்டிங், எந்தக் குவார்ட்டர்ஸ்ல மழைக்கு ஒழுகுச்சுங்கறதெல்லாம் அவங்களுக்குத்தான் தேதியோட ஞாபகம் இருக்கும்.