மனம் விட்டுப்போச்சு, என்ன செய்யிற?

கேள்வி: கெம்பஸ் முடிச்சு ஒரு வருசமாகுது, வேலை இல்ல. பகல் பூரா போனோட கட்டில்லதான் கிடக்கன், ஒண்டுலயும் மனம் போகுதில்ல. லேசான வழி ஏதும் இருக்கா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இருக்கு புள்ள. மனம் வந்தாப்போல எழும்புவம் எண்டு கிடந்தா அது வராது, முதல்ல உடம்ப எழுப்பணும். காலையில 6 மணிக்கு போன வீட்டுல வச்சிட்டு கடற்கரைப் பக்கம் 20 நிமிசம் நடங்க, கரைவலை இழுக்கிற ஆக்கள் நிப்பாங்க, கூடைக்குள்ள மீன் துடிக்கிறதப் பாத்துக்கு நிண்டாலே தலைக்குள்ள ஓடுற சத்தம் கொஞ்சம் குறையும், காலை வெளிச்சம் பட்டா ராவைக்கு நித்திரையும் ஒழுங்கா வரும். வந்து குளிச்சி, தலை இழுத்து, குசினிக்குள்ள போய் அம்மாக்குத் தேங்காயத் திருவிக் குடுங்க (சிரிக்காதீங்க, நான் செய்து பாத்தது). வேலை கிடைச்ச கூட்டாளிமார்ர பேஸ்புக்க கொஞ்ச நாளைக்குப் பாக்கவே வேணாம்.

ஆனா ரெண்டு கிழமைக்கு மேலயும் இப்படியே இருந்தா, சாப்பாடு நித்திரை கெட்டா, வாழ்ந்து என்ன எண்டு யோசினை வந்தா நடை மட்டும் போதாது. 1926க்கு அடிங்க, அது மனநல உதவி இலக்கம், தமிழ்லயும் கதைக்கலாம். இல்லாட்டி மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரிக்கு அம்மாவையும் கூட்டிக்கு போங்க.